அக்கா இறுக்கிய மூடி

காயில்காரருக்கு உலகத்தில் எது கெட்டுப்போனாலும் காயில்தான் கெட்டிருக்கும். மிக்ஸி கத்தினால் காயில், தண்ணீர் மோட்டார் முக்கினால் காயில். பக்கத்துக் கடை டீக்காரருக்கு முதுகு பிடித்துக்கொண்டபோதுகூட, "உள்ள எங்கேயோ ஒரு சுத்து விட்டுப்போச்சு" என்றார். சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் கெட்டிக்காரர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் இடிக்கிற மாதிரி ஒரு கடை. கூரையிலிருந்து றெக்கை இல்லாத ஃபேன்கள் தொங்கும். அதற்கு அடியில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடி நழுவ நழுவ, செம்புக் கம்பி சுற்றிக்கொண்டே இருப்பார். அவர் சுற்றின காயில் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. கடைக்குப் பின்னால் ஒரு அறை, அதில் ஒரு கட்டில், கட்டிலுக்கு அடியில் கம்பிச் சுருள்கள். கல்யாணப் பேச்சு எடுத்த போதெல்லாம் யாருக்காவது ஃபேன் எரிந்துபோய், அந்த அவசரத்தில் பேச்சு தள்ளிப்போய், கடைசியில் பேச்சை எடுத்தவர்களே ஓய்ந்துபோனார்கள்.

சொந்தம் என்று மிச்சம் இருப்பது ஒரு அக்காவும் அக்கா மகளும்தான். மகள் தூரத்தில், பெரிய நகரத்தில். அக்கா ஆற்றுக்கு அந்தக் கரையில். ஆறு அந்த இடத்தில் நல்ல அகலம். இங்கிருந்து பார்த்தால் அக்கா காயப்போட்ட துணியின் நிறம் தெரியும், அது சட்டையா போர்வையா என்று தெரியாது.

அக்கா தையல்காரி. தைப்பது கிடக்கட்டும், துணி வெட்டுவதில் புலி. கத்தரி பிடித்தே உரமேறிப்போன கை. அந்தக் கை ஒரு மூடியை மூடினது என்றால் மூடினதுதான். வேறு யாராவது திறக்க வேண்டுமானால் சுவரில் தட்டிப் பார்க்க வேண்டும், வெந்நீரில் வைத்துப் பார்க்க வேண்டும், அதற்கும் மசியாவிட்டால் கடவுளைத்தான் கூப்பிட வேண்டும். "ஏன்க்கா, உள்ள இருக்கிற சர்க்கரை ஓடியா போயிடும்?" என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் டீ போடும்போது தம்பி கத்துவார். "காத்துப் புகுந்தா கட்டி தட்டிடும். கையில தெம்பு இல்லைன்னா டீயே வேண்டாம், போடா" என்பாள் அக்கா. அவருக்குத் தலை நரைத்துவிட்டது. இவளுக்கு இன்னும் 'போடா'தான்.

ஞாயிற்றுக்கிழமை தவறினதே கிடையாது. காலையில் படகை எடுத்துத் துடுப்புப் போட்டுப் போவார், மத்தியானம் அங்கே சாப்பாடு, சாயங்காலம் திரும்புவார். போய் உட்கார்ந்ததும் அக்கா முதலில் கேட்பது ஒன்றே ஒன்று. "பஸ் ஸ்டாண்டுல என்னடா விசேஷம்? யாருக்கும் யாருக்கும் சண்டை?" இவர் அந்த வாரம் சுற்றின காயில்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பிப்பார். அவள் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு மெஷினை மிதிக்கத் தொடங்குவாள்.

அந்தப் படகு அத்தானுடையது. அத்தான் இருந்தவரை அந்தக் கரைக்கு எல்லாமே அவர்தான். மூட்டையோ முடிச்சோ, பிரசவ வலியோ பரீட்சைக்குப் போகிற பிள்ளையோ, எல்லோரையும் அந்தச் சின்னப் படகில் ஏற்றி, பின்னால் மாட்டின சின்ன மோட்டாரின் கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தால், நேராக இந்தக் கரை. அத்தான் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது மோட்டாரைக் கழற்றிப் பின்பக்கத் தாழ்வாரத்தில் ஒரு மரச் சட்டத்தில் மாட்டி, சாக்கைப் போர்த்தி வைத்தார்கள். போர்த்தினதுதான், அதற்கப்புறம் அந்தச் சாக்கை எடுத்துப் பார்த்தவர் யாரும் இல்லை.

இப்படியே போயிருக்கும். ஆனால் ஆற்றில் மேலே வெகு தூரத்தில் பாலம் வந்தது. பாலம் வந்ததும், வாடகைப் படகுகள் எல்லாம் ஒவ்வொன்றாக நின்றுபோயின. அந்தக் கரையில் இருப்பது ஒற்றையடிப் பாதை. அதில் பாலம்வரை நடந்து போய்ப் பஸ் பிடிப்பதற்குள் ஆள் பாதியாகிவிடும். அந்த மழைக்காலத்தில் அக்கா முற்றத்தில் வழுக்கி விழுந்து கால் பிசகிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை தம்பி போய்த்தான் அவளைத் தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். விஷயம் மகள் காதுக்குப் போனது. அவ்வளவுதான், போனில் ஒரே ஆர்ப்பாட்டம்.

"மாமா, இது சரிப்படாது. அம்மாவை நான் கூட்டிட்டு வந்துடறேன். இங்க கடையில ஆள் இல்லாம நான் திண்டாடுறேன். ஆஸ்பத்திரி யூனிஃபார்ம் ஆர்டர் குவியுது, வெட்டத் தெரிஞ்ச ஒரு ஆள் கிடைக்கல. அம்மா வந்தா எனக்கும் துணை."

காயில்காரர் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தார். "அவ எப்படிம்மா வருவா? அத்தான் வாழ்ந்த வீடு. அந்த ஆத்தைப் பார்க்காம உங்கம்மாவால ஒரு நாள் இருக்க முடியுமா?"

"அப்போ ஒரு ஆபத்து அவசரம்னா?"

"அத்தான் மோட்டார் இருக்குல்ல? நான் ஓட வைக்கிறேன். படகு எப்பவும் என் பக்கம்தானே கட்டிக் கிடக்கு. அவ போன் போட்டா அடுத்த நிமிஷம் நான் அங்க நிப்பேன்."

மகள் ஒரு கெடு வைத்தாள். அடுத்த மாசம் கடைசி ஞாயிற்றுக்கிழமை வேன் எடுத்துக்கொண்டு வருவதாகச் சொன்னாள். அதற்குள் மோட்டார் ஓடினால் அம்மா இருக்கட்டும், இல்லாவிட்டால் அம்மா தன்னோடு. மாமாவுக்கும் மருமகளுக்கும் இதில் சம்மதம். அக்காவிடம் கேட்டபோது அவள் வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு, "உங்க இஷ்டம்" என்றாள்.

அக்காவுக்காகத்தான் மெனக்கெடுகிறேன் என்று டீக்காரரிடம் சொன்னார், பஸ் டிரைவர்களிடம் சொன்னார், ஃபேன் கொண்டுவந்தவர்களிடம் எல்லாம் சொன்னார். உண்மை அதுவா? அக்கா போய்விட்டால் இந்த மனுஷனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. திங்களிலிருந்து திங்கள்வரை காயில்தான். 

அன்றிலிருந்து கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே அக்கரைக்குப் போய்விடுவார். சாக்கை எடுத்தபோது உள்ளே ஒரு பல்லிக் குடும்பமே இருந்தது. அவர்களிடம் மன்னிப்புக் கேட்டு வெளியே அனுப்பினார். இழுக்கிற கயிறு கையோடு வந்துவிட்டது. புதுக் கயிறு போட்டார். கார்பரேட்டரைத் திறந்தால் பழைய பெட்ரோல் பசையாகிப் படிந்து கிடந்தது. பெட்ரோல் வருகிற ஓட்டை, ஊசி நுழையாத ஓட்டை, அடைந்துபோயிருந்தது. மெக்கானிக்காக இருந்தால் இதற்கென்று ஏதாவது வைத்திருப்பான். இவர் சட்டைப் பையிலிருந்து ஃபேனுக்குச் சுற்றுகிற கம்பியில் ஒரு இழை எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, உள்ளே விட்டு விட்டு எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓட்டை வழியாக ஒரு பொட்டு வானம் தெரிந்தது. "அக்கா! இங்க வந்து பாரேன்!" என்று கூப்பிட்டுக் காட்டினார். அக்கா ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "தெரியுது, தெரியுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அப்புறம் மோட்டாருக்குத் தீப்பொறி கொடுக்கிற காயில். அது நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் பிரித்துச் சுற்றினார். நம்ம ஆளாச்சே!

தாழ்வாரத்தில் ஒரு பெரிய டிரம்மில் தண்ணீர் நிரப்பி, மோட்டாரின் காலை அதற்குள் விட்டு, எண்ணெய் கலந்த பெட்ரோலை ஊற்றி, கயிற்றை இழுத்தார். இழுத்தார், இழுத்தார், தோள்பட்டை கழன்றுவிடும் போல இழுத்தார். திடீரென்று ஒரு இருமல். இன்னொரு இழுப்பு. கடகடவென்று பிடித்துக்கொண்டது ஐயா! டிரம் தண்ணீர் குதித்து அவரை முழுக்காட்டியது. மோட்டாரின் பக்கவாட்டு ஓட்டையிலிருந்து நூல் பிடித்த மாதிரி தண்ணீர் வந்தது. அதாவது உள்ளே சூடு ஆற்றுகிற வேலை ஒழுங்காக நடக்கிறது. காயில்காரருக்குத் தலைகால் புரியவில்லை. நனைந்த கோலத்தில் நின்றுகொண்டு, பரீட்சையில் பாஸான பையன் மாதிரி பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அக்கா வாசற்படியில் நின்று அவரைத்தான் பார்த்தாள், மோட்டாரைப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் ஓடியது. அப்புறம் குரல் இறங்கி, விக்கி, நின்றுவிட்டது.

ஆறவிட்டு இழுத்தால் மறுபடி ஓடும். கொஞ்ச நேரத்தில் மறுபடி நிற்கும். காயில்காரர் தொடையில் ஓங்கித் தட்டிக்கொண்டார். சூடானால் நின்று, ஆறினால் ஓடுகிற ஃபேனை அவர் எத்தனை பார்த்திருக்கிறார்! சந்தேகமே இல்லை, காயில்தான். கழற்றினார், திரும்பச் சுற்றினார். ஓடியது, நின்றது. இன்னும் மெல்லிசுக் கம்பி வாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி சுற்றினார். ஓடியது, நின்றது. அந்தக் காயிலுக்கு வாய் இருந்தால் அழுதிருக்கும். உள்ளே அக்காவின் தையல் மெஷின் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நாள், இருட்டுவதற்குள் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்ற அவசரத்தில் பெட்ரோலை ஊற்றி, டாங்க் மூடியை அரைகுறையாக வைத்துவிட்டுக் கயிற்றை இழுத்தார். அன்றைக்கு மோட்டார் நிற்கவே இல்லை. அவராக நிறுத்தும்வரை சிங்கம் மாதிரி ஓடியது. காயில்காரர் அங்கேயே நின்று மருமகளுக்குப் போன் போட்டார். "ஓடிடுச்சும்மா! ஓட வச்சிட்டேன்! உங்கம்மா இங்கேயே இருக்கலாம்!" சத்தத்தில் அவர் கத்தினது ஆற்றுக்கு இந்தக் கரைக்கே கேட்டிருக்கும். அக்கா அடுப்படிக்குள் போய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவின பாத்திரத்தையே கழுவினாள். அதை அவர் எங்கே கவனித்தார்?

மறுநாள் வந்து இழுத்தார். கொஞ்ச நேரம் ஓடியது. நின்றுவிட்டது.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டிரம்முக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டார். மருமகளிடம் என்னவென்று சொல்வது? வேன் வருகிற ஞாயிற்றுக்கிழமை வேறு நெருங்கிவிட்டது. பெட்ரோலாவது இருக்கிறதா பார்ப்போம் என்று டாங்க் மூடியைத் திருகினார். மூடி அசையவில்லை. துணியைப் பிடித்துத் திருகினார், அசையவில்லை. கடைசியில் ஸ்பேனரால் நாலு தட்டுத் தட்டித் திருகியபோது, ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம் கேட்டது. டாங்க், ரொம்ப நேரம் மூச்சை அடக்கியிருந்த ஆள் மாதிரி, காற்றை உள்ளே இழுத்தது.

சத்தம் என்றால் காயில்காரருக்குக் காது கூர்மை. உள்ளே காற்று இல்லை. காற்று போகாவிட்டால் பெட்ரோல் எப்படிக் கீழே இறங்கும்? மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடுவில் ஒரு குட்டித் திருகு இருந்தது. இத்தனை நாளும் அதை மூடிக்கு அழகுக்கு வைத்தது என்று நினைத்திருந்தார். அதைத் திறந்தால் மூடி வழியாகக் காற்றுப் போக ஒரு சின்ன வழி. கட்டிங் பிளேயரைப் போட்டுத் திருகினார். அதுவும் லேசில் வரவில்லை. வந்ததும் மூடியை மாட்டிக் கயிற்றை இழுத்தார். மோட்டார் ஓடியது. ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது.

உள்ளே தையல் மெஷின் நின்றது. அக்கா கையில் கத்தரியோடு வாசலுக்கு வந்தாள்.

"கடைசியில கண்டுபிடிச்சிட்டியா?" என்றாள்.

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. காயில்காரர் மோட்டாரை நிறுத்தினார். நேற்று தான் அரைகுறையாக வைத்துவிட்டுப் போன மூடி, இன்று சுவரில் தட்டினாலும் திறக்காத மூடி. அப்படி மூட இந்த உலகத்தில் ஒரே ஒரு கைதான் உண்டு.

"உனக்குத் தெரியுமா அக்கா?"

"அவரோட எத்தனை வருஷம் படகுல போயிருக்கேன். கிளம்பும்போது அவர் அந்தத் திருகைத் திறப்பார், கரைக்கு வந்ததும் நான் இறுக்குவேன். அது என் வேலை. தெரியாம இருக்குமா?"

"தெரிஞ்சுமா நான் மூணு தடவை காயில் சுத்தினதைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தே?"

"உட்கார்ந்திருந்தேன்."

"நேத்து மூடியை இறுக்கினதும்..."

"நான்தான்." அக்கா படியில் உட்கார்ந்தாள். "என்னை இங்கேயே இருன்னு நீயும் அவளும் முடிவு பண்ணீங்களே, எனக்கு இங்க இருக்கணும்னு நான் எப்போடா சொன்னேன்?"

காயில்காரர் பெட்ரோல் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"அவர் இருந்தப்போ அவருக்காக இருந்தேன். அவர் போனதும் வந்தவங்க எல்லாரும், 'உன்னால இந்த வீட்டை விட்டு இருக்க முடியாது, இந்த ஆத்தை விட்டு இருக்க முடியாது'ன்னு அவங்களே சொல்லிட்டுப் போனாங்க. நானும் தலையாட்டினேன். காலையில எழுந்தா தண்ணி, விளக்கு வச்சா தண்ணி. பேச ஆள் இல்ல. எனக்குச் சத்தம் வேணும்டா. நாலு பேர் சண்டை போடுற தெரு வேணும். அவ கடையில நின்னு, இந்தத் துணியை இப்படி வெட்டாதேன்னு நாலு பொண்ணுங்களைத் திட்டணும். என் கை இன்னும் நடுங்கல. அது நடுங்கறதுக்குள்ள போகணும்."

"இதை என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றது? மோட்டார் முதல் தடவை பிடிச்ச அன்னைக்கு உன் மூஞ்சியை நீ பார்க்கல. நான் பார்த்தேன்." அவள் கத்தரியை மடியில் வைத்துக்கொண்டாள். "நான் போறேன்னு நானா சொல்லி உன்னை விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரல. மோட்டார் ஓடலைன்னா, ஓடலைன்னு போயிடலாம். யார் மேலயும் பழி இல்ல. அவகிட்ட ஓடலைன்னு சொல்லிடுடா. உன் கையைப் பிடிச்சுக் கேக்கறேன்."

காயில்காரர் மோட்டார் மேல் சாக்கை இழுத்துப் போர்த்தினார். பைக்குள் சாமான்களைப் போட்டுக்கொண்டு, படகில் ஏறித் துடுப்பை எடுத்தார். சாப்பிட்டுவிட்டுப் போ என்று அக்கா கூப்பிட்டது காதில் விழுந்தும் திரும்பவில்லை. அவருக்குக் கோபம் என்றால் கோபம், அப்படி ஒரு கோபம். யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அதற்கப்புறம் அந்த வாரம் முழுக்க அக்கரைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கடையிலேயே கிடந்தார். அவர் சுற்றின காயில் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை என்றேன் அல்லவா? அந்தச் சரித்திரம் அந்த வாரம் உடைந்தது. ஒரு அம்மாள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். "என்னங்க இது, றெக்கை தலைகீழாச் சுத்துது. காத்து மேல போகுது. எங்க வீட்டுக் கூரைக்கு வேர்க்குதுன்னா உங்ககிட்ட சொன்னேன்?" டீக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் விடவில்லை, அவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் ஒரு பஸ் டிரைவர் பஞ்சாயத்துக்கு வந்தார். ஒரு கண்டக்டர் அந்த அம்மாளுக்காகப் பேசினார். பின்னால் நின்ற பஸ் ஹாரன் அடித்தது. பழக்காரி ஒருத்தி என்ன ஏதென்று கேட்டு ஓடி வந்தாள்.

காயில்காரர் கையில் ஃபேனோடு அப்படியே நின்றார். இதைத்தானே அவள் கேட்டாள்? பஸ் ஸ்டாண்டுல என்னடா விசேஷம், யாருக்கும் யாருக்கும் சண்டை? ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்டாள். ஒரு தடவையாவது இவர் பதில் சொன்னதுண்டா? இத்தனை சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவர் அவளுக்குக் கொண்டுபோய்ச் சொன்னதெல்லாம் காயில் கதை.  அந்த அம்மாளிடம், "தப்பு என்னுதுதான்மா, சாயங்காலத்துக்குள்ள மாத்தித் தரேன்" என்றார். சண்டை பாதியிலேயே முடிந்துபோனதில் எல்லோருக்கும் ஏமாற்றம்.

ஃபேனை மாற்றிக் கொடுத்த கையோடு அக்கரைக்குப் போனார். அக்கா கதவைத் திறந்து வழிவிட்டாள்.

"உன் மகள்கிட்ட பேசிட்டேன்" என்றார்.

"ஓடலைன்னு சொல்லிட்டியா?"

"ஓடுதுன்னு சொன்னேன்." அக்காவின் முகம் விழுந்துவிட்டது. அவர் பார்த்துக்கொண்டேதான் மீதியைச் சொன்னார். "ஓடுது, ஆனா உங்கம்மாவுக்கு உன்கிட்ட வரணுமாம், வேனை எடுத்துட்டு வான்னு சொன்னேன். ஏன்க்கா, ஓடாத மோட்டாரைச் சாக்கு வச்சா நீ போகணும்? போறதுன்னா ஓடுற மோட்டார்ல போ. நானே கொண்டு போய் விடறேன்."

 அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவ என்ன சொன்னா?" என்று கேட்டாள்.

"அழுதா. அப்புறம், அம்மா எந்தக் கத்தரி கொண்டு வருவாங்கன்னு கேட்டா."

அக்கா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே ஆணியில் தொங்கின வீட்டுச் சாவியை எடுத்து அவர் கையில் திணித்தாள். "இந்தா. அந்த எலிப் பொந்துல படுத்தது போதும். நீ இங்க வந்து இரு. காலையில மோட்டார்ல போ, சாயங்காலம் மோட்டார்ல வா. உனக்குச் சத்தம் போதும், கொஞ்சம் தண்ணியைப் பாரு."

சொன்ன ஞாயிற்றுக்கிழமை வேன் இந்தக் கரையில் வந்து நின்றது. காயில்காரர் மோட்டாரைப் படகில் மாட்டினார். மூட்டைகள் ஒரு நடை, மெஷினும் அக்காவும் ஒரு நடை. அக்கா படகின் முன்பக்கம் உட்கார்ந்து, வழியெல்லாம் மெஷினை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இந்தக் கரையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு தடவைகூட வீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்தான் பார்த்தார்.

கரையில் மகள் நின்றிருந்தாள். மெஷினை இறக்க ஆள் வேண்டியிருந்தது. காயில்காரரும் வேன் டிரைவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். திரும்பிப் பார்த்தால், அக்கா படகில் பின்பக்கம் போய், மோட்டாரின் மேல் கை வைத்து ஒரு கணம் குனிந்து நின்றாள். அத்தானிடம் விடைபெறுகிறாள், பாவம். அப்படி நினைத்து, இவர் மரியாதையாக மறுபக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு அவள் இறங்கி வந்து, அவர் சட்டைக் காலரைச் சரி செய்து, "நேரத்துக்குச் சாப்பிடு" என்றாள். வேனில் மெஷினுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். வேன் போய்விட்டது.

அன்றைக்குக் கடை திறக்கிற நாள் இல்லை. இருந்தாலும் திறந்தார். சாயங்காலம் பூட்டிவிட்டு, கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியை எடுத்துக்கொண்டு படகில் ஏறினார். முதல் இழுப்பிலேயே மோட்டார் பிடித்தது. காற்று சுகமாக இருந்தது. வெயில் தாழ்ந்து, தண்ணீர் மேல் மஞ்சளாகக் கிடந்தது. நடு ஆற்றுக்கு வந்ததும் மோட்டாரின் குரல் இறங்கியது. விக்கியது. நின்றுவிட்டது.

காயில்காரர் டாங்க் மூடியில் கை வைத்தார். நடுவில் இருந்த திருகு அசையவில்லை. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், துணி பிடித்து, மூச்சைப் பிடித்து, ம்ஹூம். கல் மாதிரி இருந்தது.

காலையில் அவள் குனிந்து நின்றது அத்தானிடம் விடைபெற இல்லை! கரைக்கு வந்ததும் இறுக்குவது அவள் வேலை. இது மனசு செய்தது இல்லை, அந்தக் கை தன் வழக்கத்தில் செய்தது. பையில் கட்டிங் பிளேயர் இருந்தது. அதை எடுக்காமல், ஒரு விரலை அந்தத் திருகின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படகு மெல்ல இழுபட்டுப் போனது. இதைத் திறந்துவிட்டால், இனி இவ்வளவு இறுக்கமாக இதை மூட ஆள் கிடையாது. வாய்விட்டு அழுதார். நடு ஆற்றில் யார் கேட்கப்போகிறார்கள் என்று நன்றாகவே அழுதார்.

போன் அடித்தது.

"டேய்! அந்தத் திருகை இறுக்கிட்டேன்டா! இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு! நடு ஆத்துல நிக்கிறியா?"

"நிக்கிறேன்க்கா."

"என்னது? கேக்கல!"

அவளுக்குப் பின்னால் ஹாரன் சத்தம், யாரோ யாரையோ திட்டுகிற சத்தம், கடை ஷட்டர் ஏறுகிற சத்தம், எங்கேயோ பாட்டு. மகள், "அம்மா, உள்ள வா, வண்டி வருது" என்று கத்துவது கேட்டது.

"இரு, திறக்கறேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைப் பலகையில் வைத்தார். பிளேயரைப் போட்டுத் திருகினார். டாங்க் மூச்சை இழுத்தது. கயிற்றை இழுத்தார். மோட்டார் பிடித்துக்கொண்டது. அவள் கேட்கட்டும் என்று போனை எடுத்து மோட்டாருக்குப் பக்கத்தில் நீட்டினார்.

"கேக்குதாக்கா? ஓடுது!"

"ஒண்ணுமே கேக்கலடா!" என்று அக்கா கத்தினாள். அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் குரலில் அவர் இத்தனை வருஷத்தில் கேட்டதில்லை. "இங்க ஒரே சத்தம்!"